இரண்டு பாஸ்போர்ட்டா, ஒன்று போதுமா: கைக்குழந்தையோடு போட்ட கணக்கு

மகள் பிறந்த பதினெட்டாம் நாள் முதல் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தோம். தரையில் வெள்ளைப் போர்வையை விரித்து அவளை மல்லாக்கப் படுக்க வைத்தோம். கணவர் முக்காலியில் ஏறி நின்று போனை நேர் கீழாகப் பிடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நாக்கைச் சொடுக்கினேன். எடுத்தது அறுபதுக்கு மேல். ஒன்றில் கொட்டாவி, ஒன்றில் வாய்க்குள் கை, பாதிக்கு மேல் கண் மூடியே இருந்தது. நேராகப் பார்த்த ஒரே படத்தில் காதோரம் என் விரல் நுனி தெரிந்தது. பிரிட்டன் விதிப்படி ஒரு வயதுக்குக் கீழே கண் திறந்திருக்க வேண்டியதில்லை, தலையைக் கையால் தாங்கவும் செய்யலாம், கை மட்டும் படத்தில் தெரியக்கூடாது. அமெரிக்காவும் பச்சைக்குழந்தையின் கண் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில்லை. எங்களுக்கு வாய்த்த விண்ணப்பத்துக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

எனக்கு ஒரு நாட்டுக் குடியுரிமை, கணவருக்கு வேறொன்று. எந்தெந்த நாடு என்று சொன்னால் பேச்சு அந்த இரண்டையே சுற்றும், அதனால் விட்டுவிடுகிறேன். பிள்ளைக்கு இரண்டிலும் உரிமை இருக்கும் எந்த வீட்டிலும் எழும் கேள்விதான் எங்கள் வீட்டிலும் எழுந்தது. இரண்டு நாட்டு வேலையையும் இப்போதே முடிப்பதா? ஒன்றை இப்போது முடித்து, மற்றதைத் தேவை வரும்போது பார்ப்பதா? இல்லை, ஒரு குடியுரிமையோடு நிறுத்திக்கொண்டு மறுநாட்டுக்கு நீண்டகால விசா மாதிரி ஏதாவது வாங்கி வைப்பதா?

இந்த மூன்றையும் முதலில் தப்பாகத்தான் ஒப்பிட்டோம். எந்த பாஸ்போர்ட்டில் எத்தனை நாட்டுக்கு விசா இல்லாமல் போகலாம் என்று பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தோம். தானாக உட்காரக்கூடத் தெரியாத பிள்ளைக்கு அந்தப் பட்டியலால் என்ன பிரயோசனம்? பார்க்க வேண்டியது வேறு: எதற்குக் கெடு இருக்கிறது, எது காத்திருக்கும்.

கெடு குடியுரிமைக்கு, பாஸ்போர்ட்டுக்கு அல்ல

குடியுரிமை வேறு, பாஸ்போர்ட் வேறு. முன்னது சட்டம் தரும் நிலை, பின்னது அதற்கான சான்று. சான்றை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், நிலையை அப்படி வாங்க முடியாது. பெற்றோர் வழியாக வரும் குடியுரிமையை, பிள்ளை வெளிநாட்டில் பிறந்தால், சில நாடுகள் தாமாகவே தந்துவிடும். சில நாடுகள் பதிவு செய்தால்தான் தரும், அதுவும் கெடுவுக்குள்.

ஜப்பான் மூன்று மாதம்தான் தருகிறது. வெளிநாட்டில் பிறந்து, பிறப்பாலேயே வேறு நாட்டுக் குடியுரிமையும் கிடைத்த பிள்ளைக்கு அதற்குள் 'ஜப்பானியக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்கிறோம்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால், பிறந்த நாளிலிருந்தே அது இல்லை என்று கணக்கு. ஜெர்மனியில் வேறு விதமான பொறி இருக்கிறது. 1999 டிசம்பர் 31க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டிலேயே வாழும் ஜெர்மானியருக்கு அங்கேயே பிள்ளை பிறந்து, அதற்கு வேறு குடியுரிமையும் கிடைத்தால், ஒரு வருடத்துக்குள் பிறப்பைப் பதியக் கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் ஜெர்மன் குடியுரிமை அந்தத் தலைமுறையோடு நின்றுவிடும். 2024 ஜூன் 27 முதல் அந்த நாடு பல குடியுரிமைகளை ஏற்றுக்கொள்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

இந்தியச் சட்டத்தில் கெடுவோடு வரிசையும் சேர்ந்துகொள்கிறது. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் வழியாகக் குடியுரிமை வேண்டுமென்றால், ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அதோடு, 'பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை' என்று பெற்றோர் உறுதி தர வேண்டும். ஆக, பிறந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை அவசரமாக முதலில் எடுத்துவிட்டால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும். தாத்தா பாட்டியிடம் காட்டும் ஆசையில் பலர் செய்வது அதைத்தான். பெரிய தப்பு என்று சொல்ல மாட்டேன், அவர்களில் பலர் எப்படியும் ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் வாழ்நாள் விசா அட்டை) பக்கம்தான் போயிருப்பார்கள். ஆனால் யோசித்து மூடிய கதவு வேறு, தெரியாமல் மூடிய கதவு வேறு.

அமெரிக்கா இதில் நிதானம். குடிமகன் ஒருவருக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு, தூதரகம் தரும் பிறப்புப் பதிவுச் சான்றை 18 வயது முடியும் வரை கேட்கலாம். அதற்காக அதையும் தள்ளிப் போடலாம் என்று ஆகிவிடாது. தம்பதியில் ஒருவர் மட்டும் அமெரிக்கர் என்றால், பிள்ளை பிறப்பதற்கு முன் அவர் 5 வருடம் அந்த நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும், அதில் 2 வருடம் 14 வயதுக்குப் பிறகு. பள்ளிச் சான்று, சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு எல்லாம் வேண்டும். பதினேழு வருடம் கழித்து இதையெல்லாம் எந்த அட்டைப்பெட்டியில் தேடுவது?

சட்டமும் காத்திருக்காது. எத்தனை தலைமுறை தாண்டினாலும் ரத்த வழி உரிமை உண்டு என்றிருந்த இத்தாலி, 2025 மார்ச் 28 அன்று ஓர் அவசரச் சட்டத்தால் அதைப் பெற்றோர், தாத்தா பாட்டி மட்டத்தோடு சுருக்கியது. அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய விதி, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தவர்களுக்குப் புது விதி.

இரண்டையும் இப்போதே

இதற்குச் சாதகமாக நிறையவே சொல்லலாம். பிரசவ விடுப்பில் ஒருவராவது வீட்டில் இருக்கிறார். திருமணச் சான்று, பிறப்புச் சான்று, பழைய பாஸ்போர்ட் எல்லாம் ஏற்கெனவே மேசையில் பரப்பிக் கிடக்கின்றன. அப்போஸ்டில் முத்திரைக்கு ஒருமுறை அலைகிறபோதே இரண்டு பிரதிக்கும் சேர்த்து வாங்கிவிடலாம். (1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையால் வந்த முத்திரை இது. ஒரு நாட்டுச் சான்றை இன்னொரு நாடு நம்புவதற்கான குறுக்குவழி. கனடா 2024 ஜனவரியில்தான் இதற்குள் வந்தது. அதுவரை அங்கே சான்று உறுதிப்படுத்தல், பிறகு தூதரக உறுதிப்படுத்தல் என்று இரண்டு படி ஏற வேண்டியிருந்தது.)

ஆனால் விடுப்பில் இருக்கிறோம் என்பதை ஓய்வாக இருக்கிறோம் என்று படிக்கக் கூடாது. ராத்திரி மூன்று மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒற்றைக் கையால் நிரப்பிய படிவத்தில் எனக்கே என் பிறந்த வருடம் தப்பாகப் போனது. அதைவிட மோசமானது வேறு. பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் மகளின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். நாங்கள் கவனிக்கவில்லை. அந்தச் சான்றை நம்பியே இரண்டு விண்ணப்பமும் போயின. திருத்திய சான்று வர பதினோரு வாரம் ஆயிற்று. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒரு பிழை இரண்டு இடத்தில் குட்டி போடும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டோம். சான்று கைக்கு வந்ததும், கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்பே எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

எந்தச் சான்று என்பதிலும் கவனம் வேண்டும். பிரிட்டனில் சுருக்கச் சான்று ஒன்று உண்டு, அதில் பெற்றோர் விவரம் இருக்காது. பெற்றோர் வழிக் குடியுரிமைக்கு அது உதவாது, முழுச் சான்றுதான் வேண்டும். இப்படி இரண்டு வடிவம் இருக்கும் நாடுகளில் எப்போதும் நீளமானதைக் கேளுங்கள், கூடவே இரண்டு மூன்று பிரதிகளும்.

அப்புறம் நேரில் போவது. 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் என்றால் அம்மா அப்பா இருவரும் பிள்ளையோடு வர வேண்டும். வர முடியாதவர் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் தர வேண்டும். பல நாடுகளில் இதுபோன்ற விதி உண்டு. பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கடத்திக்கொண்டு போய்விடக் கூடாதே என்பதுதான் காரணம். நியாயமான காரணம். ஆனால் இரண்டு தூதரகம், இரண்டு நாள் விடுமுறை, இரண்டு முறை டயப்பர் பையும் பைலும் தூக்கிக்கொண்டு பயணம். எங்கள் முறை வந்தபோது பாப்பா பைல் மேலேயே பால் கக்கினாள். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தோம், நல்லவேளை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தோம். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றிலும் சின்னப் பிள்ளையின் பாஸ்போர்ட் 5 வருடம்தான். பிறந்ததும் எடுத்தால் அடுத்தது ஐந்தில், பத்தில், பதினைந்தில். ஒரு நாட்டுக்கு நான்கு விண்ணப்பம், இரண்டு நாட்டுக்கு எட்டு. இரண்டு பிள்ளைகள் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதிலும் முதல் ஐந்து வருடத்தில் மறுநாட்டுக்கு ஒரே ஒரு முறைதான் போகப்போகிறோம் என்றால், முதல் மாதத்திலேயே வாங்கிய இரண்டாவது பாஸ்போர்ட் பெரும்பாலும் இழுப்பறைக்குள்ளேயே காலாவதியாகும்.

பெயர்

படிவத்தில் ஒரு வரிதான், ஆனால் எங்களை ரொம்பப் படுத்தியது இது. ஒரு நாடு அப்பாவின் குடும்பப் பெயரை வைக்கும், இன்னொன்று அப்பா பெயரில் ஒன்று அம்மா பெயரில் ஒன்று என்று கோக்கும், மூன்றாவது குடும்பப் பெயரே தெரியாது என்று சொல்லும். பெல்ஜியம், ஸ்பெயின் இரண்டுக்கும் உரிய பிள்ளைகளுக்கு ஸ்பானிய முறைப்படி பெயர் மாற்றித் தர பெல்ஜியம் மறுத்தபோது, வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. இரண்டு நாட்டில் இரண்டு பெயரோடு வாழ்வது பிள்ளைகளுக்குப் பெரும் சிரமம், அப்படி மறுக்க முடியாது என்று 2003இல் தீர்ப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அந்தத் துணை உண்டு. வெளியே இருக்கும் நமக்கு? இரண்டு நாட்டு விதியையும் முன்கூட்டிப் படித்து, இரண்டிலும் ஒரே எழுத்தில் நிற்கக்கூடிய பெயரை முதல் சான்றிலேயே போடுவதுதான் வழி. பிள்ளை பிறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரே பேப்பர் வேலை இதுதான் என்பேன். நாங்கள் அப்போது தொட்டில் நிறத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

ஒன்று மட்டும், மற்றதற்கு விசா

ஒரே குடியுரிமையோடு நிறுத்துவதை முதலில் நான் ஏளனமாகத்தான் பார்த்தேன். கிடைப்பதை ஏன் விட வேண்டும் என்று. கடமைகளைப் படித்த பிறகு அவ்வளவு சுலபமாக அதைத் தள்ள முடியவில்லை.

அமெரிக்கக் குடிமக்கள் உலகில் எங்கே வாழ்ந்தாலும் வருமானக் கணக்குக் காட்டும் கடமைக்குள் வருவார்கள். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் இருப்பது எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனி அறிக்கை தர வேண்டும்; கணக்கு குழந்தை பெயரில் இருந்தாலும் அதேதான். பேத்தி பெயரில் ஆசையாகப் பணம் போட்டு வைக்கும் தாத்தாவுக்கு இது தெரியுமா? தென்கொரியாவில், பிறப்பாலேயே இரண்டு குடியுரிமை உள்ள ஆண் பிள்ளை, 18 வயதாகும் வருடத்தின் மார்ச் 31க்குள் கொரியக் குடியுரிமையைத் துறக்காவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, ராணுவக் கடமை தீரும் வரை துறக்க முடியாது. சிங்கப்பூரில் வம்சாவழிக் குடியுரிமை பெற்ற பிள்ளை 21 முடிந்த ஒரு வருடத்துக்குள் மறுநாட்டுக் குடியுரிமையைத் துறந்து உறுதிமொழி எடுக்காவிட்டால் சிங்கப்பூர்க் குடியுரிமை போய்விடும். இந்தியாவிலும், மேலே சொன்னபடி பதிந்த பிள்ளை 18 முடிந்த ஆறு மாதத்துக்குள் மறுநாட்டுக் குடியுரிமையை விட்டால்தான் இது தொடரும். ஆக, சில இடங்களில் இப்போது நாம் வாங்கித் தருவது நிரந்தரமான இரட்டைக் குடியுரிமை இல்லை. பிள்ளை பின்னால் தேர்வு செய்வதற்கான அவகாசம். அது மோசமில்லை. ஆனால் அந்தத் தேதி ஒன்று பிள்ளையின் தலைமேல் இருக்கிறது என்பதை எழுதி வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. இரண்டு நாடு இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். 1930ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்: ஒருவர் எந்த நாட்டுக்குக் குடிமகனோ, அந்த நாட்டுக்கு எதிராக அவரின் மறுநாடு தூதரகப் பாதுகாப்பு தர முடியாது. அந்த மண்ணில் நிற்கும்போது அவர் அந்த நாட்டுக்காரர், அவ்வளவுதான்.

விசா வழியில் நல்ல உதாரணம் ஓசிஐ. 2005இல் வந்தது. பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் அது குடியுரிமை இல்லை. வாழ்நாள் முழுக்க எத்தனை முறையும் வந்து போகலாம், தங்கலாம், படிக்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. 20 வயது வரை புதுப் பாஸ்போர்ட் வாங்கும் ஒவ்வொரு முறையும் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும், 20க்குப் பிறகு வாங்கும் பாஸ்போர்ட்டோடு ஒருமுறை அட்டையையே புதுப்பிக்க வேண்டும். எட்டு விண்ணப்பத்தோடு ஒப்பிட்டால் இது லேசு. பிள்ளை அங்கே குடியேறப் போவதில்லை, விடுமுறைக்கு வந்து போவதுதான் என்றால் இந்த வழி போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விசா என்பது அரசு தரும் அனுமதி. விதியை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். குடியுரிமையை அவ்வளவு லேசில் தொட முடியாது.

பயணம் வந்தால்

இங்கேதான் இரண்டாவது பாஸ்போர்ட் இழுப்பறையிலிருந்து எழுந்து வருகிறது. அமெரிக்கக் குடிமகன் அமெரிக்காவுக்குள் போகவும் வரவும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டையே பயன்படுத்த வேண்டும், பிறந்த குழந்தைக்கும் அதே சட்டம். கனடாவுக்கு விமானம் ஏறும் இரட்டைக் குடிமக்களிடம் 2016 நவம்பர் முதல் செல்லுபடியாகும் கனடா பாஸ்போர்ட் கேட்கிறார்கள், அமெரிக்கா-கனடா இரட்டைக் குடிமக்களுக்கு மட்டும் விலக்கு. 'குடியுரிமை இருக்கிறது, பாஸ்போர்ட் எடுக்கவில்லை, விசாவில் போய்க்கொள்கிறோம்' என்பது பல நாடுகளிடம் எடுபடாது. குடிமகனுக்கு எதற்கு விசா என்று திருப்பி அனுப்புவார்கள். பதிவை மட்டும் முடித்துவிட்டுப் பாஸ்போர்ட்டைத் தள்ளிப்போடும் வழியில் உள்ள ஒரே முள் இது.

எங்கள் வீட்டில் இது வந்தது அம்மாவின் போனில். "பாப்பாவை எப்போ கூட்டிட்டு வர்றீங்க?" என்று வாரம் ஒரு முறை கேட்பார். "பேப்பர் வரட்டும்மா" என்பேன். "அவளுக்கு என்னடி பேப்பர், உன் பொண்ணுதானே" என்பார். இதற்கு இன்று வரை என்னிடம் சரியான பதில் இல்லை.

இரண்டையும் ஒன்றாகப் போட்டு அடிபட்ட பிறகு நாங்கள் தேர்ந்தெடுத்தது நடு வழி. வசிக்கும் நாட்டில் பிறப்பாலேயே குடியுரிமை வந்துவிட்டதால் அதற்குக் கெடு இல்லை. என் நாட்டுக்கு ஒரு வருடக் கெடு இருந்தது, அந்தப் பதிவைத்தான் முதலில் முடித்தோம். முடிந்தது பத்தாம் மாதத்தில், திருத்தத்துக்குப் போன பதினோரு வாரத்தின் புண்ணியம். அதற்கப்புறம் வசிக்கும் நாட்டுப் பாஸ்போர்ட், அது தினசரி தேவைக்கு. என் நாட்டுப் பாஸ்போர்ட்டை டிக்கெட் போடுவதற்கு நான்கு மாதம் முன்னால் என்று குறித்து வைத்திருக்கிறோம். ஏஜென்ட் வைக்கலாமா என்றும் யோசித்தோம். பிறப்பு, திருமணம் எல்லாம் நேர்கோட்டில் இருந்தால் தேவையில்லை. ஏஜென்ட்டும் நாம் கொடுக்கும் காகிதத்தைத்தான் கொடுப்பார். விவாகரத்து, தத்து, வாடகைத்தாய், பழைய குடியுரிமைத் துறப்பு என்று ஏதாவது ஒரு வளைவு இருந்தால் வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

இதே வழி எல்லோருக்கும் பொருந்தாது. ஆறு மாதத்துக்குள் குடும்பத்தோடு மறுநாட்டுக்குக் குடிபோகிறவர்கள், அந்த நாடு இரண்டையும் வைத்துக்கொள்ள விட்டால், தூக்கத்தைத் தியாகம் செய்து இரண்டையும் ஒன்றாக முடித்துவிடுவதே நல்லது. மறுநாடு இரட்டைக் குடியுரிமையே ஏற்காத நாடு, போகப்போவதும் விடுமுறைக்கு மட்டும் என்றால் நானும் விசா பக்கம்தான் சாய்வேன்.

போன வாரம் டிக்கெட் விலை பார்த்தோம், குறித்து வைத்த நான்கு மாதம் ஆரம்பித்துவிட்டது. இழுப்பறையில் பதினெட்டாம் நாள் படத்தின் பிரதிகள் நான்கு இருந்தன. ஆறு மாதத்துக்குள் எடுத்த படம்தான் செல்லும் என்றது படிவம். சரி என்று அதே வெள்ளைப் போர்வையை விரித்தோம், கணவர் முக்காலியில் ஏறினார். அவளைப் படுக்க வைத்த வேகத்திலேயே புரண்டு, போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே தவழ்ந்து கதவு வரை போய்விட்டாள்.